தோடி காந்தாரமும் ட்யூனர் முள்ளும்: வாத்தியப் பாடம் குறித்த கேள்வி பதில்

திருவையாற்றில் வீணையும் வயலினும் சொல்லிக்கொடுக்கிறேன். 2020 ஊரடங்கில் வேறு வழியில்லாமல் போனில் தொடங்கிய வகுப்பு, பாதி பிள்ளைகளுக்கு இன்றும் போனில்தான் நடக்கிறது. இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு என் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

கும்பகோணம், வயலின் மாணவியின் அம்மா: மாயாமாளவகௌளை ராகம் வாசிக்கும்போது காந்தாரம் (க) குறைவு என்றே ட்யூனர் ஆப் காட்டுகிறது, டீச்சர். விரலை ஏற்றி வைக்கச் சொல்லட்டுமா?

வேண்டாம் அம்மா. தம்பூராவோடு சேர்கிறதா என்று முதலில் கேளுங்கள். சேர்ந்தால் அதில் கை வைக்காதீர்கள். அந்த ஆப் ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபாகமாக்கி ஒவ்வொன்றுக்கும் 100 சென்ட் (சுருதி அளக்கும் அலகு) தருகிறது. அந்தக் கணக்கில் இந்த ராகத்தின் காந்தாரமான அந்தர காந்தாரம் 400. தம்பூராவோடு இழைகிற காந்தாரமோ ஏறக்குறைய 386. காது நன்றாக இருக்கிற குழந்தைக்குத்தான் முள் கீழே நிற்கும்! இதே ராகத்தின் நிஷாதமான காகலி நிஷாதமும் இப்படித்தான், 12 சென்ட் கீழே. பஞ்சமத்தில் வித்தியாசம் வெறும் 2 சென்ட். அதனால் தந்தி கூட்டும்போது ஷட்ஜமும் பஞ்சமமும் பார்க்க மட்டும் ட்யூனரை வையுங்கள். மற்றதுக்குத் தம்பூரா ஆப் போதும்.

மயிலாடுதுறை, இசை ஆசிரியர்: வாசித்ததும் சரியான ஸ்வரத்தைப் பச்சையிலும் தவறைச் சிவப்பிலும் காட்டும் ஆப் வைத்து மார்க் போடலாமா?

அந்த வகையில் பெயர் பெற்றது ஸ்மார்ட்மியூசிக், இப்போது அதன் பெயர் மேக்மியூசிக் கிளவுட். மேல்நாட்டுப் பள்ளிகளின் பேண்டு, ஆர்கெஸ்ட்ரா பிள்ளைகளுக்காகச் செய்தது. அச்சடித்த ஸ்வரத்தை அந்தந்த நேரத்தில் வாசித்தார்களா என்று பார்க்கும். அந்த வேலைக்கு நல்ல கருவி. ஆனால் நம் தோடி ராகத்தில் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. ரிஷபத்துக்குப் பக்கத்திலிருந்து மத்யமம் வரை போய்ப் போய் வருகிறது. நின்றால் அது தோடியே இல்லை. நன்றாக வாசித்த பிள்ளையைச் சிவப்பில் காட்டிவிட்டால் அதன் மனசு என்ன ஆகும்?

நான் செய்வது இதுதான். வாரம் ஒரு பதிவு, ஒரே மூச்சில், வெட்டி ஒட்டாமல், தம்பூரா கூடவே கேட்கும்படி. வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்வேன், அப்போதுதான் ஒலியை அது சுருக்காது. பிள்ளைகள் நிறைய இருந்தால் கூகுள் கிளாஸ்ரூமில் தேதி போட்டு வாங்கிக்கொள்ளலாம். சுருதி, லயம், கமகம் (ஸ்வரத்தின் அசைவு) மூன்றுக்கும் தனித்தனியாகக் குறிப்பு எழுதுவேன். மூன்று மாதம் கழித்து முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்க வைப்பேன். எந்த மார்க்கும் செய்யாததை அந்தப் பத்து நிமிஷம் செய்கிறது.

பெரிய பிள்ளைகளுக்கு ப்ராட் என்ற இலவச மென்பொருள். ஆம்ஸ்டர்டாமில் பேச்சொலி ஆய்வுக்காக உருவானது. ஸ்வரம் போகும் பாதையைக் கோடாக வரைந்து காட்டும். குருவின் கோட்டையும் தன் கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இதற்கு மட்டும் தம்பூராவை ஒரு காதில் இயர்போனில் வைத்துக்கொள்ள வேண்டும், பதிவில் விழக்கூடாது. கோடு மார்க் போடுவதற்கில்லை, பேசிப் புரிய வைப்பதற்கு.

மன்னார்குடி, மிருதங்க மாணவர்: ஜூமில் என் வாசிப்பு விட்டு விட்டுக் கேட்கிறது என்கிறார் வாத்தியார்.

ஜூம் பேச்சுக்காகச் செய்தது தம்பி. தம்பூரா நாதத்தை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அடக்கும், மிருதங்கச் சொற்களையும் விழுங்கும். ஆடியோ அமைப்பில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' இருக்கிறது, அதைப் போடுங்கள். தொப்பி (மிருதங்கத்தின் இடது பக்கம்) கேட்க வாத்தியார் ஹெட்போன் போட்டே ஆக வேண்டும், போன் ஸ்பீக்கரில் அந்தக் கும்கி என்ற கீழ் நாதம் வராது.

தஞ்சாவூர், வீணை மாணவி: டீச்சரும் நானும் ஆன்லைனில் சேர்ந்து வாசிக்க முடியுமா?

முடியாதம்மா. ஒலி காற்றில் பத்து மீட்டர் போக 30 மில்லிசெகண்ட்தான் ஆகும். வீடியோ அழைப்பில் நூறையும் தாண்டும், லயம் பின்னாலேயே இழுக்கும். டீச்சர் வாசித்து அனுப்பும் பதிவோடு நீ சேர்ந்து வாசி. வேகம் தாங்கவில்லை என்றால் ஆடாசிட்டியில் சுருதி மாறாமல் குறைத்துக்கொள்.

திருவாரூர், நாகஸ்வர மாணவர்: போனில் பதிவு செய்தால் உடைகிறது. ட்யூனரும் ஒவ்வொரு தடவை ஒன்று சொல்கிறது. வாத்தியத்தில் குறையா, வாயில் வைத்து ஊதும் சீவாளியிலா?

போனை எட்டு அடியாவது தள்ளி வையுங்கள், அணசு (வாத்தியத்தின் விரிந்த அடிப்பக்கம்) அதை நேராகப் பார்க்க வேண்டாம். உடைவது நிற்கும். ட்யூனரை நம்பி வாத்தியத்தைக் குறை சொல்லாதீர்கள். உதடு அழுத்துவதிலும் காற்றிலும் துளையைப் பாதி மூடுவதிலும்தான் அதில் சுருதி நிற்கிறது. சீவாளி ஊற ஊறவும் மாறும். பத்து நிமிஷம் ஊதிவிட்டுப் பாருங்கள். அப்போதும் நிற்கவில்லை என்றால் எந்த ஆப்பும் உதவாது. உங்கள் ஊரிலிருந்து திருவாவடுதுறை தூரமில்லை. வாத்தியத்தை எடுத்துக்கொண்டு போய், சீவாளி செய்கிறவர் எதிரிலேயே ஊதிக் காட்டி, நான்கைந்து மாற்றிப் பார்த்து வாங்கி வாருங்கள்.