பேஸ்மேக்கர் வெச்சும் ஏன் இவ்ளோ அசதி?

கேள்வி: டாக்டர், கடலூர் தேவனாம்பட்டினத்துல இருக்கேன், வயசு 61. இதயத் துடிப்ப சீரா வைக்கற பேஸ்மேக்கர் மெஷின் வெச்சு 2 மாசம் ஆச்சு, மயக்கம் நின்னுடுச்சு, ஆனா சில்வர் பீச் மணல்ல கொஞ்சம் நடந்தாலே கால் துவண்டுடுது, மாடிப்படியில பாதியிலயே உக்காந்துடறேன். மெஷின் இருக்கற பக்கம்னு இடது கைய தூக்க பயந்துகிட்டு வீட்டுக்காரம்மாதான் சட்டை மாட்டி விடறாங்க. மெஷின் வேலை செய்யலையா?

பதில்: ஐயா, மயக்கம் நின்னதே மெஷின் வேலை செய்யறதுக்கு நல்ல அடையாளம். ஆனா நடக்கறப்ப துடிப்பு ஏறணும் இல்லையா, அதுக்குன்னே பல மெஷின்ல 'ரேட் ரெஸ்பான்ஸ்'னு ஒரு செட்டிங் இருக்கு, அது ஆஃப்ல இருந்தாலோ மந்தமா இருந்தாலோ படி ஏறும்போது துடிப்பு நிமிஷத்துக்கு 60லயே நின்னு உடம்பு தளர்ந்துடும். இத மாத்த திரும்ப ஆபரேஷன்லாம் வேணாம், வெளியிலருந்தே கருவி வெச்சு சரி பண்ணிடுவாங்க. படி ஏறினதும் ஒரு நிமிஷம் நாடி புடிச்சு எண்ணி எழுதிக்கிட்டு, மெஷின் வெச்ச ஆஸ்பத்திரிக்கு இந்த வாரமே போங்க, தள்ளிப் போடாதீங்க. ரத்தசோகை, தைராய்டும் பாக்கச் சொல்லுங்க. துடிப்ப குறைக்கற பீட்டா பிளாக்கர் மாத்திரையாலயும் அசதி வரும், ஆனா நீங்களா நிறுத்திடக் கூடாது.

கை விஷயம்தான் எனக்கு கவலையா இருக்கு. தோளுக்கு மேல தூக்காதீங்கன்னு சொல்றது பொதுவா முதல் 4-6 வாரத்துக்குத்தான், அப்புறமும் அசைக்காம வெச்சிருந்தா தோள்பட்டை இறுகிடும். டாக்டர்கிட்ட காயத்த காட்டிட்டு நீங்களே சட்டை போட ஆரம்பிங்க. செல்போன மட்டும் இடது சட்டைப்பையில வைக்காதீங்க, மெஷின்லருந்து 15 செ.மீ. தள்ளியே இருக்கட்டும். திரும்ப மயக்கமோ மூச்சுத்திணறலோ வந்தா, தையல் போட்ட இடம் சிவந்து வீங்கினா, அன்னிக்கே ஓடுங்க.