சிலர் வதைபட்டால்தான் மற்றவர்கள் சந்தோஷமாக வாழ முடியும் என்றால், அந்தச் சந்தோஷம் நியாயமா?

நியாயமில்லை. ஆனால் எனக்குக் கேள்வியின் மேலேயே ஒரு சந்தேகம். சிலர் வதைபடாமல் வேறு வழியே இல்லை என்று அது முதலிலேயே முடிவு கட்டிவிடுகிறது. அந்த முடிவை எடுத்தது யார்? வதைபடுகிறவர்களாக இருக்க வாய்ப்பில்லை. 'ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்று சும்மாவா சொன்னார்கள்!

கரீபியத் தீவுகளில் கரும்புத் தோட்டம் வைத்திருந்த பிரிட்டிஷ் முதலாளிகளும் இதையேதான் சொன்னார்கள்: அடிமைகளை விட்டால் தொழிலே படுத்துவிடும். 1833-ல் அடிமை ஒழிப்புச் சட்டம் வந்தபோது அரசு 2 கோடி பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது, முதலாளிகளுக்கு! விடுதலையானவர்களுக்குச் சல்லிக்காசு இல்லை. 'தொழில் பழகுநர்' என்ற பெயரில் 1838 வரை பெரும்பாலோர் அதே முதலாளியிடம் கூலியில்லாமல் உழைக்க வேண்டியிருந்தது. அப்புறம் மொரீஷியஸுக்கும் கரீபியனுக்கும் கப்பல் கப்பலாக ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். அவர்களில் தமிழர்களும் உண்டு. ஆள் மாறியதே தவிர, 'வேறு வழியில்லை' என்ற பேச்சு மாறவில்லை. அந்த ஏற்றுமதியும் 1917-ல் நின்றது. சர்க்கரை இன்றும் கிடைக்கிறது, அன்றைவிட மலிவாகவே.

சரி, அது பழைய கதை என்பீர்கள். டாக்காவுக்குப் பக்கத்தில் ரானா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம். 2013 ஏப்ரல் 23 அன்று அதன் தூண்களில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடிவிட்டன. மேலே இருந்த ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளோ மறுநாள் காலையிலும் தொழிலாளர்களை வரவழைத்தன. வராவிட்டால் சம்பளம் கிடையாது என்று மிரட்டல். கட்டடம் இடிந்து 1,134 பேர் செத்தார்கள். வங்கி ஊழியருக்கு ஆபத்தாகத் தெரிந்த அதே விரிசல், தையல் தொழிலாளி விஷயத்தில் மட்டும் பொறுத்துக்கொள்ளக்கூடியதாகிவிட்டது. மலிவான சட்டைக்கு இந்தச் சாவுகள் தேவைப்படவே இல்லை. ஒரு நாள் உற்பத்தி போயிருக்கும், அவ்வளவுதான்.

பத்தாயிரம் பேர் சுகத்துக்கு ஒருவர் துன்பம் என்று கணக்குப் போடுகிறவர்களிடம் எனக்குப் பெரிதாகப் பேச ஒன்றுமில்லை. அந்தப் பத்தாயிரம் பேர் சுகத்தில் துளிகூட அந்த ஒருவருக்குப் போய்ச் சேராது. தீயணைப்பு வீரரும் நமக்காகத்தானே ஆபத்தில் இறங்குகிறார் என்று கேட்கலாம். அவர் தெரிந்து இறங்குகிறார், வேண்டாமென்றால் வேலையை விடலாம். அது வேறு.

'எனக்கு அந்தச் சந்தோஷம் வேண்டாம்' என்று ஒதுங்கிக்கொண்டால் போதுமா? 1791-ல் அடிமை வணிகத்தைத் தடுக்கும் மசோதா பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தோற்றதும், அங்கே ஏராளமான குடும்பங்கள் சர்க்கரையையே நிறுத்தின. மதிக்க வேண்டிய செயல்தான். ஆனாலும் அடிமை வணிகத்துக்குத் தடை வர 1807 ஆயிற்று. அடிமைமுறை ஒழியவோ, 1831-ல் ஜமைக்காவில் அடிமைகளே கிளர்ந்தெழ வேண்டியிருந்தது. ஒதுங்குகிறவரின் கை சுத்தமாகிவிடும்; தோட்டத்தில் இருப்பவருக்கு அதனால் ஒரு நாள் வேலைகூடக் குறையாது.

ரானா பிளாசாவுக்குப் பிறகு ஆடை நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் ஒப்பந்தம் போட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளைச் சோதித்து, பழுதுகளைச் சரிசெய்ய வைத்தார்கள். சட்டைகளும் கடைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. அந்த ஒப்பந்தத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு ஷரத்து: கட்டடம் ஆபத்தானது என்று நம்பக் காரணம் இருந்தால், தொழிலாளி உள்ளே போக மறுக்கலாம், அதற்காகச் சம்பளத்தைப் பிடிக்கக்கூடாது.