புழு உதிர்ந்தது, முட்டை உதிரவில்லை

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் பவளத்தைத் தின்னும் புழு பூச்சிகளைப் பற்றித்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துச் சில கேள்விகளாக ஆக்கியிருக்கிறேன்.

கேள்வி: சார், ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வைத்து மூன்று வருடம் ஆகிறது. பெரிய ஆக்ரோபோரா (கிளைவிட்டு வளரும் பவளம்) ஒன்று அடியிலிருந்து வெளுத்துக்கொண்டே வருகிறது. தண்ணீர் டெஸ்ட் எல்லாம் சரியாக இருக்கிறது. விளக்கு அதிகம் என்றார்கள், குறைத்தேன், பயனில்லை. நேற்று ரப்பர் பல்ப் குழாயால் கிளைகளுக்கு நடுவே தண்ணீரைப் பீய்ச்சினேன், தோல் உரிந்த மாதிரி ஏதோ ஒன்று பறந்து போனது. என்னவாக இருக்கும்?

பதில்: பறந்து போன அந்தத் தோல்தான் பெரும்பாலும் உங்கள் ஆள். ஆக்ரோபோரா தின்னும் தட்டைப்புழு. பவளத்தின் சதைக்குள் இருக்கும் பாசியையும் சேர்த்தே தின்பதால் புழுவின் உடம்புக்கும் பவளத்தின் நிறமே வந்துவிடும், அதன் மேலேயே படுத்திருந்தால் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்தாலும் தெரியாது. தெரிவது அது கடித்த தடம்தான். வட்ட வட்டமாக, வெளிறி, ஒன்றோடொன்று ஒட்டினாற்போல், கிளையின் நிழல் பக்கத்திலும் அடிப்பக்கத்திலும் இருக்கும். விளக்கு அதிகமாகி வெளுத்தால் வெளிச்சம் படும் மேல்பக்கம்தான் முதலில் வெளுக்கும். உங்களுடையது அடியிலிருந்து ஏறுகிறது என்கிறீர்கள், அதனால் விளக்கைப் பழையபடி வையுங்கள். ஆனால் ஒரே நாளில் ஏற்றிவிட வேண்டாம்.

அடுத்து, பவளத்தை வெளியே எடுத்து, சதை செத்து எலும்பு தெரிகிற இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். குண்டூசித் தலையைவிடச் சின்ன, பழுப்பு மணிகள் கொத்தாக ஒட்டியிருந்தால் சந்தேகமே இல்லை, அது முட்டை. இந்தப் புழுவுக்கு அறிவியல் பெயர் கிடைத்ததே 2011இல்தான், அதுவும் தொட்டியில் கண்டெடுத்ததை வைத்து. கடலில் அது இருப்பது, கிரேட் பேரியர் ரீஃபில், அதற்கு அப்புறம்தான் தெரியவந்தது.

கேள்வி: நானும் அதே புழுவோடுதான் மல்லுக்கட்டுகிறேன். டிப் போட்டேன், அதாவது பவளத்தை மருந்து கலந்த தண்ணீரில் முக்கி எடுத்தேன், இருபதுக்கு மேல் உதிர்ந்தன, நிம்மதியாகத் திருப்பி வைத்தேன். மூன்று வாரம் கழித்து மறுபடியும் அதே தடம். மருந்து போலியா?

பதில்: மருந்து அதன் வேலையைச் செய்திருக்கிறது. கடையில் கிடைக்கிற எந்த டிப்பை எடுத்தாலும் சரி, அயோடின் ஆனாலும் சரி, புழு உதிரும், முட்டை உதிராது. முட்டையின் ஓடு மருந்தை உள்ளே விடுவதில்லை. நீங்கள் திருப்பி வைத்தது புழு இல்லாத பவளத்தை, ஆனால் முட்டையோடு. தண்ணீரின் சூட்டைப் பொறுத்து இரண்டு மூன்று வாரத்தில் அவை பொரிந்துவிடும், உங்கள் கணக்கும் அப்படியே பொருந்துகிறது.

இதில் நானும் சூடு பட்டவன். முதல் முறை டிப் வாளியின் அடியில் சுருண்டு கிடந்த புழுக்களை எண்ணிப் பெருமைப்பட்டேனே தவிர, பவளம் உட்கார்ந்திருந்த பிளக்கை, அதாவது அதை ஒட்டி வைக்கும் சின்ன அடிக்கட்டையை, திருப்பிப் பார்க்கவில்லை. அதன் கீழ்ப்பக்கம் முழுக்க முட்டை. நான்கு ஆக்ரோபோரா போன பிறகுதான் திருப்பிப் பார்த்தேன்.

அதனால் பழைய பிளக்கைத் தூக்கிப் போடுங்கள். செத்த அடிப்பாகத்தை வெட்டி எறிந்துவிட்டு, உயிருள்ள கிளைகளை மட்டும் புதுப் பிளக்கில் ஒட்டுங்கள். வெட்ட மனசு வராத பெரிய பவளமாக இருந்தால் முட்டையை பிளேடால் சுரண்டிவிட்டு அந்த இடத்தை சூப்பர் க்ளூ ஜெல்லால் மூடுங்கள், மூடினால் பொரித்தாலும் வெளியே வர முடியாது. பிறகு வாரம் ஒரு டிப் என்று ஆறு வாரமாவது விடாமல் செய்ய வேண்டும். பொரித்த குஞ்சு வளர்ந்து முட்டை வைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், அதற்குள் பிடித்துவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். இரண்டு வாரம் செய்து பார்த்து, ஒன்றும் உதிரவில்லை என்று நிறுத்துகிறவர்கள்தான் மூன்றாவது மாதம் எனக்கு மறுபடி கடிதம் போடுகிறார்கள்.

இன்னும் ஒன்று. இந்தப் புழு ஆக்ரோபோராவைத் தவிர வேறு எதையும் தின்று பிழைக்காது. எல்லா ஆக்ரோபோராவையும் வேறு தொட்டிக்கு மாற்றி, அங்கே டிப் போட்டுக்கொண்டே, பெரிய தொட்டியை இரண்டு மாதம் ஆக்ரோபோரா இல்லாமல் விட்டால் அங்கே பொரிப்பது பட்டினியில் போய்விடும். இடம் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

தோட்டப் பூச்சிமருந்தை டிப்பாகப் பயன்படுத்தலாமா என்றும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், புழுவும் உதிர்கிறது. ஆனால் அது இறாலையும் நண்டையும் கொல்லும் சரக்கு. நாலு வாளியில் அலசாமல் பவளத்தைத் தொட்டிக்குள் விட்டால் தப்புவது மீன் மட்டுமாகத்தான் இருக்கும். பவளத்துக்கென்று விற்கும் டிப் கிடைக்கிறபோது எனக்கு அந்த வம்பு தேவைப்படவில்லை. எதுவாக இருந்தாலும் கையுறை போடுங்கள், டிப் தண்ணீரில் ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குத் திரும்பக் கூடாது.

கேள்வி: தட்டுத் தட்டாக வளரும் மான்டிபோரா பவளத்தின் ஓரம் கரைந்துகொண்டே வருகிறது. இரவில் டார்ச் அடித்தால் வெள்ளையாக, முடி முடியாக, சின்னதாக ஏதோ ஊர்கிறது. சிக்ஸ்லைன் ராஸ் மீன் விட்டால் தின்றுவிடும் என்கிறார்களே?

பதில்: அது மான்டிபோரா தின்னும் நூடிபிராங்க். ஓடில்லாத நத்தை வகை. பகலில் தட்டின் அடியில் ஒளிந்திருக்கும், முட்டையும் அங்கேதான் வைக்கும். தொட்டி வைத்திருப்பவர்கள் பல வருடம் இதைத் திட்டித் தீர்த்த பிறகு, 2020இல்தான் அறிவியல் பெயர் வைத்தார்கள்.

சிக்ஸ்லைனும் மஞ்சள் கோரிஸ் ராஸும் கண்ணில் படுவதைக் கொத்தும், ஆனால் தட்டின் அடியில், பாறை இடுக்கில் இருப்பதை அவை எங்கே தேடிப் போகும்? எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க மீன் உதவும், ஒழிக்க உதவாது. அதுவும் சிக்ஸ்லைன் வளர வளர ரவுடியாகிவிடும், புதிதாக விடும் மீன்களை நிம்மதியாக இருக்க விடாது. மான்டிபோராவை எடுத்து, டிப் போட்டு, அடிப்பக்கத்தைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, வாரா வாரம் அதையே செய்யுங்கள். பாறையோடு பாறையாக ஒட்டி வளர்ந்திருந்தால் பாறையோடுதான் வெளியே எடுக்க வேண்டும், வேறு வழி இல்லை.

கேள்வி: ஏப்டேசியா (பாறையில் களைபோல முளைக்கும் கடல் அனிமோன்) ஒன்றை பிளேடால் சுரண்டினேன், இப்போது பத்து இருக்கிறது!

பதில்: இருக்கும். கண்ணுக்குத் தெரியாத துணுக்கு பாறையில் தங்கினாலும் அது முழு ஏப்டேசியாவாக வளர்ந்துவிடும். இது பவளத்தைத் தின்பதில்லை, பக்கத்தில் இருப்பதைக் கொட்டிக் கொட்டியே கொல்லும். நான்கைந்துதான் என்றால் பம்பை நிறுத்திவிட்டு, கால்க்வாசரை (தொட்டிக்கென்று விற்கும் சுண்ணாம்புத் தூள்) கெட்டியாகக் குழைத்து சிரிஞ்சால் அதன் வாயருகே மெதுவாக விடுங்கள். அவசரப்பட்டுக் குத்தினால் ஓட்டைக்குள் சுருங்கிக்கொள்ளும். ஒரே நாளில் நிறைய விட்டால் பிஎச் ஏறிவிடும். எங்கு பார்த்தாலும் அதுதான் என்றால் பெர்கியா விடுங்கள். அதுவும் ஒரு நூடிபிராங்க்தான், ஆனால் ஏப்டேசியாவைத் தவிர வேறெதையும் தொடாது. ராஸ் இருக்கும் தொட்டியில் விட்டால் பெர்கியாதான் இரையாகும். பெப்பர்மின்ட் இறாலும் ஏப்டேசியாவைத் தின்னும், ஆனால் வாங்கும்போது உற்றுப் பாருங்கள். பார்க்க அதேபோல இருக்கும் கேமல் இறால் பவளத்தையே பிய்த்துத் தின்னும்.

கேள்வி: கண்ணாடியில் குட்டி நட்சத்திர மீன்கள், மணலில் முள் முள்ளாகப் புழு. எல்லாவற்றையும் கொல்லவா?

பதில்: பொறுங்கள். அந்தக் குட்டி நட்சத்திர மீன்களின் பெயர் ஆஸ்டெரினா, அவற்றில் பெரும்பாலானவை கண்ணாடிப் பாசியை மேய்கிறவை. சில வகை ஜோவான்தஸை (பவளத்தோடு வளர்க்கும், பூப்போன்ற ஒரு உயிர்) தின்னும், அதன் மேல் ஏறி உட்கார்ந்திருப்பதை மட்டும் எடுத்துப் போடுங்கள். மணலில் இருக்கும் சாதாரணப் பிரிஸில் புழு மிச்சம் மீதியைத் தின்று துப்புரவு செய்கிற ஆள், செத்துக்கொண்டிருக்கும் பவளத்தில் அதைப் பார்த்துவிட்டுக் கொலைகாரன் என்று முடிவு கட்டுகிறார்கள். வெறும் கையால் மட்டும் தொடாதீர்கள். முள் ஏறிவிட்டால் செல்லோ டேப்பை அந்த இடத்தில் அழுத்தி ஒட்டி இழுங்கள், பெரும்பாலும் வந்துவிடும்.