66-ஐ விட 58 எப்படிப் பெரிதாகும்?

கேள்வி: என் மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படிக்கிறாள். தனியார் வகுப்பில் 30 பேருக்கு மாதிரிப் பரீட்சை வைத்தார்கள். உயிரியலுக்கு 66, இரசாயனவியலுக்கு 58, பௌதிகவியலுக்கு 50 எடுத்திருக்கிறாள். இசட் புள்ளி மட்டும் இரசாயனவியலுக்குத்தான் அதிகம் என்கிறார்கள். எப்படி? இதை வீட்டிலேயே கணிக்கலாமா? இதை வைத்துப் பல்கலைக்கழகம் கிடைக்குமா என்று சொல்லலாமா? (வகுப்பில் தந்த தாளில் சராசரியும் நியம விலகலும் இருக்கின்றன: உயிரியல் 54, 15, இரசாயனவியல் 40, 12, பௌதிகவியல் 40, 16.) – ஒரு தாய், வவுனியா

பதில்: தாளில் இருக்கும் இந்த ஆறு எண்களே போதும். பலர் இவற்றைப் பார்ப்பதே இல்லை.

உங்கள் மகள் உயிரியலில் சராசரியை விட 12 புள்ளிகள் மேலே நிற்கிறாள், இரசாயனவியலில் 18 புள்ளிகள் மேலே. ஆனால் இந்த 12-ஐயும் 18-ஐயும் அப்படியே ஒப்பிடக்கூடாது. எல்லோரும் சராசரியை ஒட்டியே எடுத்த பாடத்தில் 12 புள்ளி முந்துவது பெரிய காரியம். புள்ளிகள் 10-இலிருந்து 90 வரை சிதறிக் கிடக்கும் பாடத்தில் அது சாதாரணம். அந்தச் சிதறலின் அளவுதான் நியம விலகல். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் திட்ட விலக்கம் என்பார்கள், பொருள் ஒன்றுதான். புள்ளியிலிருந்து சராசரியைக் கழித்து, வருவதை நியம விலகலால் வகுத்தால் இசட் புள்ளி கிடைத்துவிடும்.

உயிரியல்: 12-ஐ 15-ஆல் வகுக்க 0.8. இரசாயனவியல்: 18-ஐ 12-ஆல் வகுக்க 1.5. பௌதிகவியல்: 10-ஐ 16-ஆல் வகுக்க 0.625. மூன்றின் சராசரி 0.975. இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்கு எடுப்பதும் மூன்று பாட இசட் புள்ளிகளின் சராசரியைத்தான். நான்கு தசம தானங்கள் வரை தருவார்கள். இடையில் எண்களைச் சுருக்கிவிடாதீர்கள். நான்காம் தானத்தில் வரும் வித்தியாசம்கூட வெட்டுப்புள்ளிக்கு, அதாவது அனுமதி கிடைக்கத் தேவையான குறைந்தபட்ச இசட் புள்ளிக்கு, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதைத் தீர்மானிக்கும்.

நியம விலகலையும் நீங்களே கணிக்க விரும்பினால் சிறிய கூட்டத்தில் பழகுங்கள். ஐந்து பேரின் புள்ளிகள் 42, 55, 58, 61, 84 என்று வைப்போம். சராசரி 60. ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்றால் −18, −5, −2, 1, 24. இவற்றை அப்படியே கூட்டினால் பூச்சியம்தான் வரும்; அதனால் ஒவ்வொன்றையும் வர்க்கித்துக் கூட்டுகிறோம்: 324, 25, 4, 1, 576, மொத்தம் 930. ஐந்தால் வகுக்க 186. அதன் வர்க்கமூலம் 13.64. எனவே 84 எடுத்தவரின் இசட் புள்ளி 24-ஐ 13.64-ஆல் வகுத்த 1.76. 58 எடுத்தவருக்கு −0.15. கழித்தல் குறியைக் கண்டு பயப்பட வேண்டாம்: சராசரிக்குச் சற்றுக் கீழே என்பது மட்டுமே அதன் அர்த்தம், சித்தியடையவில்லை என்பதல்ல.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஐந்தால் வகுப்பதா, நான்கால் வகுப்பதா? கணிப்பானிலும் விரிதாளிலும் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டளைகள் இருப்பதால் வரும் குழப்பம் இது. அந்த ஐந்து பேரே முழுக் கூட்டம் என்றால் ஐந்தால் வகுக்க வேண்டும். பெரிய கூட்டத்திலிருந்து எடுத்த மாதிரி என்றால் நான்கால். அப்போது நியம விலகல் 15.25 ஆகி, 84-இன் இசட் புள்ளி 1.57-க்கு இறங்கிவிடும். ஆயிரக்கணக்கானோர் எழுதும் பரீட்சையில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. 30 பேர் வகுப்பில் கொஞ்சம் தெரியும்.

இசட் புள்ளி 1 என்றால் 84 சதவீதத்தினரை முந்திவிட்டாள் என்று சிலர் உடனே சொல்வார்கள். புள்ளிகள் மணி வடிவில், அதாவது செவ்வன் பரம்பலாக, அமைந்தால் மட்டுமே அது சரி. பெரும்பாலோர் குறைந்த புள்ளி எடுத்து, சிலர் மட்டும் உச்சியில் நிற்கும் பாடங்களில் அந்தக் கணக்குப் பொய்த்துவிடும். இசட் புள்ளியாக மாற்றுவதால் கோணலான பரம்பல் நேராகிவிடாது.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பதில்: சொல்ல முடியாது. இசட் புள்ளி எந்தக் கூட்டத்தில் கணிக்கப்பட்டதோ அந்தக் கூட்டத்துக்குள் மட்டுமே பேசும். வினாத்தாள் கடினமா, எழுதியவர்கள் கெட்டிக்காரர்களா என்று அதற்குத் தெரியாது. இரண்டினாலும் சராசரி மாறும்; எதனால் மாறியது என்பதை இசட் புள்ளி காட்டாது. 2001 முதல் இங்கே மொத்தப் புள்ளிக்குப் பதிலாக இசட் புள்ளி பயன்படுகிறது. 2011-இல் பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் எழுதியவர்களை ஒன்றாக்கிக் கணித்ததால் பெரிய சிக்கல் எழுந்தது. அவர்கள் இரு வேறு கூட்டங்கள், தனித்தனியாகக் கணிக்க வேண்டும் என்று 2012-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடு தழுவிய பரீட்சையிலேயே கூட்டத்தைப் பிரிப்பதில் இவ்வளவு இருக்கிறது என்றால், 30 பேரை வைத்து என்ன சொல்வது?

அந்த 30 பேரும் தேர்வு செய்து சேர்க்கப்பட்ட கெட்டிக்காரர்கள் என்றால் உங்கள் மகளின் 0.975 அகில இலங்கைக் கூட்டத்தில் இன்னும் உயரும். சாதாரண வகுப்பு என்றால் இறங்கவும் கூடும். அதோடு பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீத இடங்களே அகில இலங்கைத் தகுதியில் நிரம்புகின்றன; மற்றவை மாவட்ட அடிப்படையில். ஆகவே வெட்டுப்புள்ளியும் மாவட்டத்துக்கு மாவட்டம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த வகுப்பில் முன்பு 1-ஐ ஒட்டி எடுத்தவர்களுக்கு உண்மைப் பரீட்சையில் எவ்வளவு வந்தது?