கட்டில் நாடாவால் பாயைக் கட்டலாமா?

கேள்வி: நண்பர்கள் மூவர் சேர்ந்து ஒரு பழைய 24 அடி பாய்மரப் படகு வாங்கியிருக்கிறோம். கரை திரும்பியதும் பெரிய பாயை இறக்கி, பூம் கட்டைமேல் (பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கிடைக்கட்டை) மடித்து நாடாவால் கட்டிவைக்க வேண்டும். இதற்கென்றே விற்கும் நாடாவின் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. கட்டில் பின்னுகிற நாடாவை மீட்டர் கணக்கில் வாங்கித் தைத்துக்கொண்டால் ஆகாதா? பாலியெஸ்டர் என்று போட்டிருந்த ஒன்றை மாதிரிக்கு ஆன்லைனில் வாங்கினோம். அதை நம்பலாமா?
- வாசகர், சென்னை

பதில்: தாராளமாகத் தைத்துக்கொள்ளலாம். ஆனால் நாடா எதனால் ஆனது என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

ஒரு வாளித் தண்ணீர் எடுங்கள். கட்டில் நாடாவிலிருந்தும் ஆன்லைனில் வாங்கியதிலிருந்தும் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, தண்ணீருக்குள்ளேயே பிசைந்து காற்றை வெளியேற்றிவிட்டுக் கையை எடுங்கள். மேலே வந்து மிதந்தால் அது பாலிப்ரொப்பிலீன். நைலானும் பாலியெஸ்டரும் அடியில் போய் உட்கார்ந்துவிடும். கட்டில் நாடாவில் பாலிப்ரொப்பிலீன் சகஜம். கடையில் அதையும் நைலான் என்றே சொல்லித் தருவார்கள். வீட்டுக்குள் கிடக்கிற கட்டிலுக்கு அது போதும். படகின்மேல் நாள் முழுக்க வெயில் தின்றால் நூல் நூலாகப் பொடிந்துவிடும். வழுக்கவும் செய்யும், முடிச்சு நிற்காது.

மூழ்கிய துண்டு இரண்டில் எது என்று வாளி சொல்லாது. பில்லில் எழுதி வாங்குவதுதான் வழி. நைலான் ஈரம் குடித்தால் இளகும். மாலையில் இறுக்கிக் கட்டியது காலையில் தொளதொளவென்று இருக்கும். என் ஓட்டு பாலியெஸ்டருக்குத்தான்.

'2 டன் தாங்கும்' என்ற விளம்பரத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். மடித்த பாய் அவ்வளவு இழுக்காது. 25 மி.மீ. அகலம் போதும். நாடா அறுவதற்கு முன்னால் தையல்தான் விடும். எனக்கே நடந்திருக்கிறது: நாடா புதுசு மாதிரி இருந்தது, முனையில் காது (நாடாவை நுழைக்கிற வளையம்) மடித்துத் தைத்த நூல் மட்டும் வெயிலில் இற்றுப்போய், விடிகாலைக் காற்றில் பாய் பாதி பிரிந்து படபடத்துக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டினால் மிச்சத் தையலும் மாவாக உதிர்ந்தது. பருத்தி நூல்! பை தைக்கிற கடையில் கொடுத்து, தடித்த பாலியெஸ்டர் நூலால் ஒரு சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தைக்கச் சொல்லுங்கள். மறுமுனையைச் சூடு காட்டிய பழைய கத்தியால் வெட்டினால் பிரியாது.

எல்லாவற்றையும் ஒரே நீளத்தில் வெட்டிவிடாதீர்கள். பாய்மரத்தை ஒட்டிய பக்கம் மடிப்பு பருமனாக இருக்கும், போகப்போக மெலியும். பாயை ஒருமுறை மடித்து, கட்டப்போகிற ஒவ்வோர் இடத்திலும் கயிற்றால் சுற்றளவு எடுங்கள். அதோடு காதுக்கும் முடிச்சுக்கும் 60 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். காதுக்குள் நுழைத்து இழுத்து, ஷூ லேஸ் மாதிரி அரை முடிச்சுப் போட்டால் இருட்டில்கூட ஒரே இழுப்பில் அவிழும்.

கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு மட்டும் வேண்டவே வேண்டாம். கை நழுவினால் கொக்கி நேராகக் கண்ணுக்குத்தான் வரும். லாரியில் சரக்கு கட்டுகிற ராட்செட் பெல்ட்டும் சரிப்படாது. இரும்பு துருப்பிடித்துப் பாயில் கறையாகும்.

சரி, ஆன்லைனில் வாங்கியது மிதந்தால்? அதை வீடியோ எடுத்து, விற்பனைப் பக்கத்தில் 'பாலியெஸ்டர்' என்றிருப்பதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்க முடியாது. தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். வெட்டிய துண்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கேட்பார்கள்.