முதலில் ரசீது, அப்புறம் மைக்

கடலூர் பக்கத்துக் குப்பங்களிலும் காலனிகளிலும், எல்லை தாண்டி புதுச்சேரியிலும் இருபது வருடமாகச் சங்கம் கட்டும் வேலை பார்க்கிறேன். போன மாதக் கூட்டத்தில் சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு அங்கே நேரம் போதவில்லை. இதோ பதில்.

கேள்வி: குடிநீர்க் குழாய் கேட்டு மூன்று திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்துவிட்டோம் அக்கா. ஒன்றும் நகரவில்லை. மறியல் பண்ணிவிடலாமா?

மூன்று மனுவுக்கும் ரசீது இருக்கிறதா? முதலில் அதைத் தேடி எடுங்கள். அந்த மனு எண்ணைக் குறிப்பிட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு உண்டு. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. "ஏன் குழாய் போடவில்லை" என்று கேட்டால் நழுவிவிடுவார்கள். ஏனென்றால் அந்தச் சட்டத்தில் கிடைப்பது ஆவணம்தான், விளக்கம் கிடையாது. "மனு எந்தத் தேதியில் யார் மேசைக்குப் போனது, அவர் எழுதிய குறிப்பின் நகல் வேண்டும்" என்று கேளுங்கள். தன் பெயர் தாளில் வரப்போகிறது என்று தெரிந்ததும் கோப்புக்குக் கால் முளைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மறியலே கூடாது என்பதில்லை. ஆனால் வழக்கு விழுந்தால் மாட்டுவது போலீஸ் வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் காத்திருக்கும் பையன்கள். முதலில் அவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: கிராம சபையில் தீர்மானத்தை முன்னாடியே எழுதி வைத்துக்கொண்டு கையெழுத்து மட்டும் வாங்குகிறார்கள். என்ன செய்வது?

வாசித்துக் காட்டாமல் கையெழுத்து போடாதீர்கள், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கிராம சபை. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊரில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். அந்த எண்ணிக்கை உங்களை நம்பித்தான் இருக்கிறது. உங்கள் தீர்மானத்தை நாலு வரியில் எழுதிக்கொண்டு போய், பதிவேட்டில் ஏறும்வரை எழுந்திருக்காமல் உட்காருங்கள். கடைசிக் கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு இழுத்துவிட்டு, பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மஞ்சக்குப்பத்தில் வீட்டு வேலை செய்கிறோம். ஒருத்தி சம்பளம் கூட்டிக் கேட்டால் மறுநாளே வேறு ஆள் வந்துவிடுகிறாள். எங்களால் சங்கம் எல்லாம் முடியுமா?

முடியும், மெதுவாக. நான் முதலில் செய்த தப்பைச் சொல்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டம் போட்டேன். இரண்டு மாதம் நானும் நாற்காலியும்தான். உலை வைக்கிற நேரத்தில் யார் வருவார்கள்? அப்புறம் ஒரு அம்மாதான் சொன்னார், "மத்தியானம் பாத்திரம் தேய்த்துவிட்டு மூணு மணி பஸ்ஸுக்கு நிற்போம், அங்கே வா" என்று. பஸ் நிறுத்தத்தில் இருபது நிமிடம், அதுதான் எங்கள் கூட்டம்.

ஊர் முழுக்கச் சேர்க்கப் பார்க்காதீர்கள். ஒரே ஒரு தெருவை எடுங்கள். அந்தத் தெருவில் பாத்திரத்துக்கு எவ்வளவு, துணிக்கு எவ்வளவு, மாடிப்படி கழுவ எவ்வளவு என்று யார் யார் வாங்குகிறார்கள் எனச் சேகரியுங்கள். பக்கத்துப் பக்கத்து வீட்டிலேயே ஐந்நூறு ரூபாய் வித்தியாசம் இருக்கும். அது தெரிந்ததும் பேச்சு தானாகச் சூடு பிடிக்கும். இதற்குக் கீழே யாரும் அந்தத் தெருவில் கை நனைப்பதில்லை என்று ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். நிறுத்தப்பட்டவளின் இடத்துக்கு வரப்போகிறவள் பெரும்பாலும் உங்கள் நாத்தனாரோ பக்கத்து வீட்டுக்காரியோதான். முதலாளியம்மாவிடம் பேசுவதைவிட அவளிடம் முன்கூட்டியே பேசுவதுதான் கஷ்டம், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கூடவே வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் பதிந்துவிடுங்கள். தமிழ்நாட்டில் அது 2007இல் வந்தது. அட்டை வாங்க அலையும் அலைச்சலிலேயே பாதிச் சங்கம் உருவாகிவிடும்.

கேள்வி: நாங்கள் புதுச்சேரி. எங்களுக்குப் பஞ்சாயத்துத் தேர்தலே நடப்பதில்லையே?

நியாயமான ஆத்திரம். 1968க்குப் பிறகு 2006இல் ஒரு தடவை நடந்தது, அதோடு சரி. அதனால் கொம்யூன் (பல ஊர்ப் பஞ்சாயத்துகளைச் சேர்த்த உள்ளாட்சி அமைப்பு) அலுவலகத்தில் அதிகாரியிடம்தான் மல்லுக்கட்ட வேண்டும். தகவல் உரிமைச் சட்டம் உங்களுக்கும் உண்டு. இன்னொரு வசதி, உங்கள் தொகுதிகள் சின்னவை. தேர்ந்தெடுக்கப்படும் எம்.எல்.ஏ.க்கள் 30 பேர், ஒரு தொகுதிக்கு ஏறக்குறைய முப்பதாயிரம் வாக்காளர்கள். அங்கே இருநூறு பேர் சேர்ந்து வாசலில் நின்றால் எம்.எல்.ஏ. கணக்குப் போடுவார்.

போராடி உரிமை வாங்கிய ஊர் அது என்பதையும் மறக்காதீர்கள். பிரெஞ்சு ஆட்சியில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வ. சுப்பையா தலைமையில் போராடினார்கள். 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் எட்டு மணி நேர வேலை அங்கே சட்டமானது.

கேள்வி: வசூல் பணத்தில் சண்டை வந்து சங்கமே உடைந்துவிட்டது.

வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மாதம் பத்து ரூபாய், கையோடு ரசீது. கணக்கை மாதாமாதம் கோயில் சுவரில் ஒட்டுங்கள். பொருளாளரும் தலைவரும் உறவுக்காரர்களாக இருக்க வேண்டாம்.

கேள்வி: ஊர்க்காரர்களும் காலனிக்காரர்களும் ஒரே சங்கத்தில் இருக்க முடியுமா?

கூட்டத்தைக் காலனியில் போடுங்கள். ஊர்க்காரர்களில் எத்தனை பேர் வந்து தரையில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள் என்று பாருங்கள். அவர்களை வைத்து ஆரம்பியுங்கள். வராதவர்களுக்காகக் கூட்டத்தை இடம் மாற்றினால், காலனிக்காரர்கள் மறுபடியும் ஓரத்தில் நிற்பார்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

கேள்வி: சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டுமா?

ஒரு வருடம் சண்டை போட்டும் உடையாமல் இருந்தால் செய்யுங்கள்.

கேள்வி: ராத்திரி கம்பெனிப் பக்கமிருந்து நாற்றம் தாங்க முடியவில்லை. காலையில் அதிகாரி வரும்போது ஒன்றும் இல்லை. எப்படி நிரூபிப்பது?

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமத்துக்காரர்கள் இதற்கு வழி காட்டியிருக்கிறார்கள். 2004 வாக்கில், படிக்காத மீனவர்களும் விவசாயிகளும்கூடப் பயிற்சி எடுத்து, பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள் வைத்த பையில் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். உங்களுக்கு இப்போதைக்குப் பக்கெட் வேண்டாம். நாலு வீட்டுக்கு நாலு நோட்டு வாங்குங்கள். தேதி, மணி, காற்று எந்தத் திசை, எது மாதிரி நாற்றம் (அழுகிய முட்டையா, நகப்பூச்சா), யாருக்கு இருமல், யாருக்குக் கண் எரிச்சல், இவ்வளவையும் அப்போதைக்கு அப்போதே எழுதுங்கள். மறுநாள் கூடிப் பேசிக்கொண்டு எழுதாதீர்கள், ஒருவர் நோட்டை இன்னொருவர் பார்க்கவும் வேண்டாம். இரண்டு மாதம் கழித்து நாலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே ராத்திரி, ஒரே மணி நாலிலும் இருந்தால், அந்தத் தேதிகளைப் போட்டு, அதே நேரத்துக்கு அதிகாரி வரவேண்டும் என்று மனு எழுதுங்கள். ரசீது வாங்க மறக்காதீர்கள்.