மிமிக்ரி நல்லா வருது, கார்ட்டூனுக்குக் குரல் குடுக்கப் போலாமா?

கேள்வி: செவ்வாய்பேட்டைல அப்பாவோட வெள்ளிக் கொலுசுப் பட்டறைல வேலை பாக்கறேன். ஆடிப் பண்டிகை மேடைல மிமிக்ரி பண்ணுவேன், பத்துப் பதினஞ்சு நடிகர் வாய்ஸ் அப்படியே வரும். கார்ட்டூன் டப்பிங்தான் ஆசை. "பட்டறைய விட்டுட்டு பொம்மைக்குக் கத்தப் போறியா"ன்னு அப்பா திட்றார். மெட்ராஸ் கிளம்பிடவா?
- வாசகர், சேலம்

பதில்: தம்பி, பொம்மைக்குக் கத்தியே அம்பது வருஷம் சோறு சாப்ட்ட மனுஷன் ஒருத்தர் அமெரிக்காவுல இருந்தார், மெல் பிளாங்க்னு பேரு, 1989ல போய்ச் சேந்தார். பக்ஸ் பன்னி முயல், டாஃபி வாத்து எல்லாம் அவர் தொண்டைதான். அப்பாகிட்ட இத சொல்லுங்க. ஆனா நீங்க பாக்க வேண்டியது வேற, அவர் அடிப்படைல ரேடியோ காமெடி நடிகர். ஜாக் பென்னிங்கற காமெடியனோட ரேடியோ ஷோல ஓட்டை கார் ஒண்ணு ஸ்டார்ட் ஆகற சத்தம் ரெக்கார்டுல வரணும், ஒரு நாள் அது வரல, இவர் சட்டுனு மைக் முன்னாடி போய் இருமி, துப்பி, உறுமி தானே காரா மாறிட்டார், ஜனங்க விழுந்து விழுந்து சிரிச்சதுல அப்புறம் அந்த கார் இவர் பொறுப்புலயே வந்துடுச்சு. யார் குரலையும் காப்பி அடிக்கல பாருங்க, கிழட்டு வண்டிக்கு ஒரு குணம் குடுத்தார்.

உங்ககிட்ட இருக்கற வாய்ஸ் எல்லாத்துக்கும் ஏற்கெனவே சொந்தக்காரங்க இருக்காங்க. மேடைல கைதட்டல் வரும், டப்பிங் தியேட்டர்ல அது எடுபடாது. அங்க ஹெட்ஃபோன்ல ஒரிஜினல் ஓடும், ஸ்க்ரீன்ல வாய் மூடறதுக்குள்ள உங்க டயலாக் முடியணும், கைல இருக்கற பேப்பர் சலசலன்னா டேக் போச்சு, கரடி மாடிப்படில உருண்டா அந்த மூச்சும் முக்கலும் கூட நீங்கதான். அது நடிப்புங்க, வெறும் குரல் இல்ல. நம்ம எம்.எஸ்.பாஸ்கர் வருஷக்கணக்கா மத்தவங்களுக்குக் குரல் குடுத்தவர், 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' டிவி சீரியல்ல பட்டாபியா வீடு வீடா போய்ச் சேந்தார், கடைசில 2023க்கான தேசிய விருதே துணை நடிகரா 'பார்க்கிங்' படத்துக்கு வந்துச்சு. டப்பிங், நடிப்பு ரெண்டையும் தனித்தனி தொழிலா பாக்காதீங்க.

நடிப்பு கத்துக்க மெட்ராஸ்தான் போகணும்னு இல்ல. நம்ம பக்கம் நோம்பிக்கு இன்னும் விடிய விடிய கூத்து நடக்குது, கதைய நடத்திட்டுப் போற கோமாளி, அதான் கட்டியங்காரன், அவர் தெரியற மாதிரி முன்னாடி போய் உக்காருங்க. ஒரே ஆள் காவக்காரனா வருவார், கிழவியா வருவார், கூட்டத்துல எவனாவது கத்தினா அதுக்கும் தாளம் தப்பாம பதில் சொல்வார். எந்த கோச்சிங் கிளாஸும் இத சொல்லித் தராது (அவங்க விளம்பரத்த பாத்தா எனக்கு எரிச்சல்தான் வருது).

பட்டறைய இப்ப விடாதீங்க. ராத்திரி சத்தம் அடங்கின அப்புறம் போர்வைய போத்திக்கிட்டு போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க, நீங்களே உருவாக்கின மூணு கேரக்டர், ஒரு நடிகர் வாய்ஸும் வேணாம். தமிழ் பேப்பர தினம் சத்தமா படிங்க, ழகரம் வழுக்கிச்சுன்னா உள்ள விட மாட்டாங்க. அப்புறம் ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறினா காலைல சென்ட்ரல், வடபழனி, சாலிகிராமம் பக்கம் ஸ்டுடியோக்கள்ல அந்த ரெக்கார்டிங்க குடுத்துட்டு வாங்க. மொதல்ல கூட்டத்துல ஒரு குரலாத்தான் கூப்டுவாங்க, மூஞ்சி சுளிக்காம போங்க. டப்பிங் யூனியன் கார்டு விஷயத்த யூனியன் ஆபீஸ்லயே நேரா விசாரிங்க, நான் வாங்கித் தரேன்னு நடுவுல ஒருத்தர் வந்தா பைசா குடுக்காதீங்க.